மூடி திறந்து கொடுத்தவன்

வெளிநாட்டு மருந்து பாட்டில்களின் மூடியை நம் ஊரில் வயதானவர்களால் திறக்க முடியாது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும். வீட்டிலிருக்கும் குழந்தைகள் திறந்து வாயில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வராதவர் அதை எப்படித் திறப்பார்? அதனால் எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த மருந்து ஆய்வுக்கு வந்தவர்களில் கை பலவீனமானவர்களுக்கு நானே மூடியைத் திறந்து, அவர்கள் கொண்டுவரும் டப்பாவில் மாத்திரைகளைக் கொட்டிக் கொடுப்பேன். விதியில் அதற்கு இடமில்லை. ஆய்வை நடத்திய டாக்டர் பார்கவிக்குத் தெரியும். "பரவாயில்ல தியோடர், பாவம், அவங்களுக்கு உபகாரமா இருக்கும்" என்றார். மாத்திரை எப்படி மாறியிருக்க முடியும் என்று நீங்கள் முதலில் கேட்டீர்கள் அல்லவா, இப்படித்தான்.

ஆய்வை விசாரிக்க வந்த நீங்கள் சென்னைக்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நல்லதாயிற்று. ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் மாதிரி வந்துவிடும். அதற்குள் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரேசர் டவுன். அம்மா பிரிஜெட், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள். எங்கள் பகுதியில் கவர்மென்ட் வேலைக்குப் போன பாதிப்பேர் அவளிடம் விரல்களில் அடி வாங்கியவர்கள்தான். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். நான் பார்மசி படித்து, ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவில் சேர்ந்தேன். தொண்ணூற்றொன்பதில் அந்த ஆய்வு வந்தபோது, அதன் அன்றாட வேலைகளைப் பார்க்கும் பொறுப்பை டாக்டர் பார்கவி என்னிடம் கொடுத்தார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஆய்வைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் எப்படிப் புரிந்துகொண்டிருந்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை அது. இதய நோய்க்காரர்களுக்கு அதே இனத்து மாத்திரைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழுப்பைக் குறைப்பதோடு நிற்காமல், ரத்தக்குழாயின் உட்சுவரைச் சாந்தப்படுத்தி, ஒரு முறை பக்கவாதம் வந்த மூளையை அடுத்த தாக்குதலிலிருந்து அது காப்பாற்றுமா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. வந்தவர்களில் பாதிப்பேருக்கு அசல் மாத்திரை. பாதிப்பேருக்கு அதே வடிவத்தில், அதே வெள்ளையில் வெறும் மாவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாட்டிலில் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணின் அர்த்தம் கடல் தாண்டி எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது.

அந்த வருஷமே அம்மாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. காலையில் காபி டம்ளரை எடுக்கப் போனவள், டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பிடித்தாள். வலது கையில் வலு குறைந்ததோடு தப்பித்தாள். பேச்சு நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் வேதபாடம் வாசிப்பவள் அவள்தான், அதுவும் நிற்கவில்லை. டாக்டர் பார்கவிதான், "உங்க அம்மாவையும் சேத்துக்கலாமே, யாருக்கு எதுன்னு நமக்கே தெரியாதப்ப என்ன தப்பு?" என்றார். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை.

கடையில் அந்த இனத்திலேயே பழைய ரகம் ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கி அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மூளைக்கென்று அதை அப்போது யாரும் எழுதித் தரவில்லை என்று சொல்லலாம். உண்மை அது மட்டுமில்லை. நம் ஊர் மாத்திரை அட்டையை விட அந்த வெளிநாட்டு பாட்டிலை நான் நம்பினேன். அவ்வளவு படித்தும் அப்படி நம்பினேன் என்று சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாக இருக்கிறது.

அம்மா அந்த மாத்திரையைக் கேலி செய்துகொண்டே விழுங்குவாள். "என்னடா தியோ இது, வயித்த வலிக்கல, தல சுத்தல, ஒண்ணுமே பண்ணல. வெறும் சாக்பீஸ்டா. வெள்ளக்காரன் உனக்கு நல்லா நாமம் போட்டுட்டான்" என்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் கேலி என் மனதில் உட்கார்ந்துகொண்டது. அசல் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தொடையிலும் ஆடுசதையிலும் வலி வரும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு ஒரு வலியும் இல்லை.

சின்னப்பாவுக்கு இருந்தது.

சின்னப்பா ஸ்ரீராம்புரத்துக்காரர். கார்ப்பரேஷனில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை. அவருக்கும் அம்மாவைப் போலவே வலது கைதான் பலவீனம். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மனைவி முத்தம்மாவும் கூடவே வருவாள். அவர்கள் பெண் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்ததால், மாத்திரை வாங்கிக்கொள்ள பிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவருவாள். சின்னப்பா அதிகம் பேசமாட்டார். நாற்காலியைக் காட்டினாலும் நுனியில்தான் உட்காருவார். ஒரு நாள் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு தொடையும் ஒரே கடுப்பு சார். பொழுதானா கால நீட்ட முடியல, மடக்கவும் முடியல."

மாடி ஏறினால் வலிக்கிறதா, சிறுநீர் நிறம் மாறியிருக்கிறதா என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். ரத்தம் எடுத்துத் தசை பாதிப்பு இருக்கிறதா என்று சோதித்தோம், ஆபத்தாக ஒன்றுமில்லை. டாக்டர் பார்கவி மாத்திரையைத் தொடரலாம் என்றார். அடுத்த முறையும் அதே வலி. அதற்கடுத்த முறையும். முத்தம்மா, "எண்ண தேச்சு விட்டுட்டேதான் இருக்கேன் சார். வலிச்சாலும் மாத்திரய மட்டும் உடமாட்டாரு" என்றாள்.

எனக்கு அப்போது வந்த எண்ணத்தை அழகுபடுத்திச் சொல்ல முடியாது. இவருக்கு அசல் கிடைத்திருக்கிறது, என் அம்மாவுக்கு மாவு கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். குலுக்கலில் விழுந்ததுதானே, ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தால் மாறியிருக்கும் என்றும் நினைத்தேன். அப்புறம், அவருக்கு அது வலியைத்தானே தருகிறது, எடுத்துவிட்டால் அவருக்கும் நிம்மதி என்று நினைத்தேன். இந்தக் கடைசி எண்ணம்தான் என்னை நன்றாகத் தூங்க வைத்தது. ஒரு மனிதரிடமிருந்து ஒன்றைத் திருடும்போது அது அவருக்கே நல்லது என்று தோன்றிவிட்டால் கை நடுங்குவதில்லை.

இரண்டு பேருக்கும் புது பாட்டில் கொடுக்கும் முறை ஒரே வாரத்தில் வந்தது. அலமாரிச் சாவி என்னிடம். சின்னப்பாவின் பாட்டிலில் இருந்ததை ஒரு சுத்தமான காகிதத்தில் கொட்டிவைத்தேன். அம்மாவின் பாட்டிலில் இருந்ததைச் சின்னப்பாவின் பாட்டிலுக்கு மாற்றினேன். காகிதத்தில் இருந்ததை அம்மாவின் பாட்டிலில் போட்டேன். மறுநாள் சின்னப்பா வந்ததும் எப்போதும் போல மூடியைத் திறந்து, கறுப்பு டப்பாவில் கொட்டிக் கொடுத்தேன். முத்தம்மா டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்" என்றாள். அவள் ஒவ்வொரு முறையும் சொல்வதுதான். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொள்ள முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தேன். மாற்றிய பிறகும் சின்னப்பாவுக்குத் தொடைவலி நிற்கவில்லை. அதைப் பார்த்தே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். மருந்தின் வீரியம் உடம்பைவிட்டுப் போகக் காலமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆய்வில் கொழுப்பு அளவை எங்களுக்குக் காட்டமாட்டார்கள், ஆனால் அம்மாவின் ரத்தத்தை வெளியே ஒரு லேபில் கொடுத்திருந்தால் கொழுப்பு எவ்வளவு என்று அன்று மாலையே தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. எனக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதற்குச் சோதனை.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு இரண்டாவது தாக்கு வந்தது. இந்த முறை பேச்சைத் தொட்டுவிட்டது. தண்ணீர் கேட்க நினைத்து "ஜன்னல்" என்பாள். தப்பாக வந்துவிட்டது என்று அவளுக்கே தெரியும். கண்ணில் தண்ணீர் முட்டும். மற்றவர்கள் ஸ்பெல்லிங்கைத் திருத்தியே காலம் தள்ளியவள், தன் பிள்ளையைக் கூப்பிட வார்த்தை கிடைக்காமல் கட்டிலைத் தட்டினாள். வேதபாடத்தை வேறொருவர் வாசிக்க ஆரம்பித்தார். அந்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகவில்லை. அப்போதும் எனக்குப் புரியவில்லை. அசல் மருந்து கொடுத்தும் இப்படியாகிவிட்டதே, மருந்தே உதவாது போலிருக்கிறது என்றுதான் வருத்தப்பட்டேன்.

அம்மாவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண்மணியைப் பார்க்க, ஒரு காலை மல்லேஸ்வரம் போனேன். ஸ்ரீராம்புரம் பக்கத்திலிருந்து ஏறும் மேட்டில், குப்பை நிறைந்த தள்ளுவண்டி ஒன்றை ஒரு ஆள் முதுகை வளைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கையால் பிடித்து, இன்னொரு பக்கம் தோளைக் கொடுத்து, தொடை இரண்டையும் முட்டுக்கொடுத்து ஏற்றினார். வண்டி பின்னால் சரியும்போது நின்று, மறுபடி தள்ளினார். பக்கத்தில் முத்தம்மா துடைப்பத்தோடு நடந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திய பிறகுதான் அது சின்னப்பா என்று உறைத்தது.

என்னைப் பார்த்ததும் அவர் வண்டிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சும்னே, சும்மாத்தான் நடந்து பாக்கறேன் சார்" என்றார்.

"எப்பலேர்ந்து வேலைக்கு வரீங்க?"

முத்தம்மாதான் சொன்னாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த ஒடனேயே சார். லீவு போட்டா கான்ட்ராக்டர் வேற ஆள வெச்சுக்குவான். டாக்டர் மேடம் ரெஸ்ட்ல இருக்கச் சொன்னாங்கல்ல, அதான் சொல்லல. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க சார், மாத்திரய நிறுத்திடப் போறாங்க. அதாலதான் இவரு நடமாடறாரு."

சொல்லமாட்டேன் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

தொடைவலி மாத்திரையால் வரவில்லை. வண்டியால் வந்தது. அவரிடம் வலியைப் பற்றி நான் கேட்காத கேள்வியில்லை, நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்பதைத் தவிர. பக்கவாதம் வந்தவர் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தானே இருந்தது. எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேருடைய மூளையில் கை வைத்தேன்.

இந்த முறை சோதித்துப் பார்த்தேன். அம்மாவின் ரத்தத்தையும், ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒரு குழாய் கூடுதலாக எடுத்த சின்னப்பாவின் ரத்தத்தையும், பிரேசர் டவுனில் ஒரு சின்ன லேபில் கொடுத்தேன். அம்மாவுக்குக் கொழுப்பு ஏறிக் கிடந்தது. சின்னப்பாவுக்கு இளைஞனுடையதைப் போல இறங்கியிருந்தது. குலுக்கலில் அசல் விழுந்தது என் அம்மாவுக்குத்தான். நான்தான் அதைப் பிடுங்கி அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய மாவை எடுத்து வந்து அம்மா வாயில் போட்டிருக்கிறேன்.

இந்த இடம் வரை உங்களுக்குப் பாதி தெரியும். ஆய்வு முடிந்து எந்த எண்ணுக்கு எந்த மாத்திரை என்று பிரித்தபோது, உறைய வைத்து அனுப்பிய ரத்தத்தில் இரண்டு பேருடையது மட்டும் நடுவில் சில மாதம் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தீர்கள். கவனக்குறைவில் டப்பா மாறியிருக்கும், பிறகு தானாகவே சரியாகிவிட்டது என்று உங்களோடு வந்தவர் சொன்னார். நானும் தலையாட்டினால் அறிக்கை அதோடு முடிந்துவிடும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நல்ல மனிதர். ஆனால் தானாகச் சரியாகவில்லை. நான்தான் சரிசெய்தேன்.

சரிசெய்தேன் என்றுதான் அப்போது அதற்குப் பெயர் வைத்தேன். முதலில் செய்தது தப்பு, இப்போது அவரவருடையது அவரவருக்குப் போகிறது, கம்ப்யூட்டர் சொன்னபடியே நடக்கிறது, இதில் என்ன பாவம் என்று எனக்குள்ளேயே வாதாடினேன். அந்த வாதத்தில் ஓட்டையே கிடையாது, இன்றும் நீங்கள் அதைத் தட்டிப் பார்க்கலாம். புது பாட்டில்கள் வந்ததும் சின்னப்பாவின் மாவைச் சின்னப்பாவுக்கே கொட்டிக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தக்குழாய் முன்னைவிட மோசமாக நடந்துகொள்ளலாம் என்று ஒரு சந்தேகம் அப்போதே பேச்சில் இருந்தது. டாக்டர் பார்கவி எங்கள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தப் பேச்சுகூடத் தேவையில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட வார்த்தை தேடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு நான் அறியாமல் செய்ததை, சின்னப்பாவுக்கு அறிந்தே செய்தேன். அவர் தினமும் அந்த மேட்டில் வண்டி தள்ளுகிறார் என்பதும் தெரியும். டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பேருக்குமே அந்தப் பழைய ரகத்தையாவது எழுதித் தந்திருப்பார். என் வேலை போயிருக்கும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாது என்று பயந்து, அதைவிடப் பெரிய வெட்கத்தைச் சம்பாதித்துக்கொண்டேன்.

அடுத்த முறை வந்தபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். அதற்கடுத்த முறை முத்தம்மா மட்டும் வந்தாள். தெரு முனையில் வண்டியின் மேலேயே சாய்ந்துவிட்டார், ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றாள். மிச்ச மாத்திரையைத் திருப்பித் தர வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததை ஞாபகமாக வைத்துக்கொண்டு டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். மேஜை மேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"உங்க அம்மாவுக்கும் இதே வியாதிதானே சார். அவங்களுக்கு ஆவும்னா வெச்சுக்கோங்க. நல்ல மாத்திர சார், இத்தன நாள் அவர இதுதான் புடிச்சு வெச்சுது."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது. எப்படியும் வந்திருக்கும், மாத்திரை சாப்பிட்டவர்களிலும் சிலர் போயிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். டாக்டர் பார்கவியும் முத்தம்மாவிடம் அதைத்தான் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவர் செத்த செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. மாத்திரை நிஜமாகவே வேலை செய்கிறது, அப்படியானால் அம்மா பிழைத்துக்கொள்வாள் என்ற ஒரு ஆறுதல். முத்தம்மா எதிரில் நிற்கும்போதே வந்தது. இதை இதுவரை யாரிடமும், சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, சொன்னதில்லை.

அம்மா தேறினாள். முழுதாக இல்லை, ஆனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், நடக்கிறாள். ஆய்வு முடிந்ததும் அந்த மாத்திரை கடைக்கு வந்துவிட்டது, தவறாமல் வாங்குகிறேன்.

தெரு பெருக்கிக்கொண்டிருந்த முத்தம்மாவைக் கான்ட்ராக்டர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டதும் நானே ஸ்ரீராம்புரம் போய் அவளை அழைத்துவந்தேன். எங்கள் வீட்டிலேயே தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுகிறாள், தலை வாருகிறாள், வார்த்தை வராதபோது அம்மா என்ன கேட்கிறாள் என்று என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறாள். என்னால் முடிந்த பரிகாரம் அது. அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நான் செய்ததில் ஒரே ஒரு நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரைப் போடுங்கள். போலீசுக்கு அனுப்பினாலும் மறுக்காமல் வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், இது முத்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம். புருஷன் போன துக்கத்தை இப்போதுதான் கொஞ்சம் மறந்திருக்கிறாள், அவளை ஏன் மறுபடி நோகடிக்க வேண்டும். அவளுக்காகத்தான் சொல்கிறேன். அதுவுமில்லாமல், அவளைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் அம்மா மாத்திரையை விழுங்க மாட்டேன் என்கிறாள்.